பன்றிக்கும் முட்டை உண்டு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"பன்றி முட்டையிடுமா?" என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. ஆனால் கோழிக்கு இருப்பதுபோலவே பன்றிக்கும் பசுவுக்கும் ஆட்டுக்கும் முட்டை உண்டு. அதற்கு ஓடு கிடையாது, அது வெளியே வருவதும் கிடையாது. பன்றியின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். கூராகச் சீவிய பென்சிலால் தாளை மெல்லத் தொட்டு எடுத்தால் விழும் புள்ளியைவிடச் சிறியது. இந்தப் புள்ளியைத் தாயின் உடம்பிலிருந்து வெளியே எடுத்து, ஒரு தட்டில் வைத்து முதிரச் செய்ய விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள்.

பன்றி என்றாலே நாம் முகத்தைச் சுளிக்கிறோம். ஊதாரி மகன் எவ்வளவு கீழே விழுந்தான் என்று காட்ட, அவன் பன்றி மேய்க்கப் போனான் என்றுதானே நற்செய்தி சொல்கிறது! ஆனால் நம் ஊர்க் கோயில்களில் வனத்து அந்தோணியார் சுரூபத்தைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய காலடியில் ஒரு பன்றி நிற்கும். நம் தாத்தா பாட்டி காலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசியில் ஏற்றப்பட்ட இன்சுலின், பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டது. 1982-க்குப் பிறகுதான் நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது. பன்றியின் இதயமும் சிறுநீரகமும் அளவில் மனிதனுடையவற்றை ஒத்திருக்கின்றன. பன்றி முட்டையின் மேல் இத்தனை அக்கறை பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் என் பெரியம்மா மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "பன்றி முட்டை பார்வைக்கு முதிர்ந்திருக்கும், உள்ளே முதிர்ந்திருக்காது, அதுதான் அதில் தொல்லை" என்றார். அதன் பொருளைத் தேடிப் போனதில் சேர்ந்தவையே இக்கட்டுரை.

முதலில் முட்டையின் இயல்பைச் சொல்ல வேண்டும். பெண் பன்றி சிறு குட்டியாக இருக்கும்போதே, அது ஆயுள் முழுவதும் பயன்படுத்தப் போகும் முட்டைகள் அதன் சூலகத்தில் தயாராக இருக்கின்றன. ஆனால் அவை பாதி வேலையில் நின்றுவிட்டவை. நாம் பாடத்தில் படிக்கும் குன்றல் பகுப்பு தொடங்கி, நடுவழியில் அப்படியே உறைந்து நிற்கிறது. பன்றியின் உயிரணுவில் 38 குரோமோசோம்கள் உண்டு. முட்டையில் அவை 19 ஆகக் குறைந்தால்தான் தந்தையின் 19-உடன் சேர முடியும். குட்டி வளர்ந்து பருவமடைந்த பின், 21 நாள்களுக்கு ஒருமுறை, சுமார் பதினைந்து இருபது முட்டைகள் மட்டும் விழித்துக்கொண்டு பாதியில் விட்ட பகுப்பைத் தொடர்கின்றன. வேண்டாத குரோமோசோம்களை ஒரு சிறு உருண்டையாக வெளியே தள்ளிவிடுகின்றன. மைக்ராஸ்கோப்பில் இந்த உருண்டை தெரிந்தால் "முட்டை முதிர்ந்துவிட்டது" என்று குறித்துக்கொள்வார்கள்.

இவ்விழிப்பு உடம்புக்கு வெளியிலும் நடக்கும் என்று காட்டியவர்கள் பின்கஸ், என்ஸ்மன் என்னும் இருவர். 1935-இல் அவர்கள் முயலின் முட்டையை அது குடியிருந்த சிறு பையிலிருந்து பிரித்து வெளியே வைத்தார்கள். யாரும் தூண்டாமலே அது பகுப்பைத் தொடர்ந்தது. அப்படியானால் அதுவரை அதைத் தூங்க வைத்திருந்தது அந்தப் பைதான் என்று தெரிகிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1965-இல், இங்கிலாந்தின் ராபர்ட் எட்வர்ட்ஸ் சுண்டெலி, செம்மறியாடு, பசு, பன்றி, குரங்கு, மனிதர் ஆகியோரின் முட்டைகளைத் தட்டில் வைத்து நேரத்தைக் கணக்கிட்டார். சுண்டெலியின் முட்டை ஒரு நாளுக்குள் முதிர்ந்துவிட்டது. பன்றி முட்டையும் மனித முட்டையும் ஏறக்குறைய ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டன. எட்வர்ட்ஸின் பணி பிற்பாடு சோதனைக்குழாய்க் குழந்தையில் போய் முடிந்தது. அவருக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. (சோதனைக்குழாய் என்ற பெயரே பொருந்தாது. இதில் குழாய் எதுவும் கிடையாது, வட்டத் தட்டுதான்.) மனிதக் கருவை இப்படி உண்டாக்குவதைத் திருச்சபை ஏற்பதில்லை. வத்திக்கான் 1987-இல் வெளியிட்ட ஆவணம் அதற்கான காரணங்களைக் கூறுகிறது. ஆகவே இக்கட்டுரை விலங்குகளோடு நின்றுகொள்கிறது.

இனி, முட்டையைத் தட்டில் வைப்பது எப்படி என்று பார்ப்போம். இறைச்சிக்கூடத்தில் வீணாகப் போகும் பன்றிச் சூலகங்களை வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டு, தெர்மாஸ் பிளாஸ்கில் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வருகிறார்கள். சூலகத்தின் மேல் நீர்க்கொப்புளம் போன்ற சிறு பைகள் தெரியும். மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் வரையுள்ள பைகளை மட்டும் தேர்ந்து, ஊசியால் குத்தி, உள்ளிருக்கும் நீரை முட்டையோடு உறிஞ்சி எடுக்கிறார்கள். இதில் பன்றிக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. பன்றி முட்டையில் கொழுப்பு மிகுதி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முட்டை கறுப்பாகத் தெரியும் அளவுக்குக் கொழுப்புத் துளிகள் நிறைந்திருக்கும். 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அது தாங்காது. ஃபிரிட்ஜில் வைத்துப் பத்திரப்படுத்தலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

திசு வளர்ப்பு வாழைக்கன்று நம் திருச்சி மாவட்ட விவசாயிகளுக்குப் புதிதல்ல. வாழைக்கிழங்கின் நுனியில் ஒரு துண்டை வெட்டிச் சத்துக் கூழ் நிறைந்த கண்ணாடிப் புட்டியில் வைத்தால் அது பல கன்றுகளாகப் பெருகுகிறது. 1993-இல் நம் ஊரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அமைந்த பிறகு இதைக் கேள்விப்படாதவர் குறைவு. பன்றி முட்டையை வளர்ப்பதும் தத்துவத்தில் இதுவேதான். ஆனால் வாழை பெருந்தன்மையானது. சர்க்கரை, உப்புச் சத்துகள், கொஞ்சம் ஹார்மோன், வெளிச்சம் கொடுத்தால் தழைத்துவிடும். பன்றி முட்டைக்கு எல்லாமே அளவாக இருந்தாக வேண்டும்.

வெப்பம் 38.5 முதல் 39 டிகிரி சென்டிகிரேட் இருக்க வேண்டும். அது பன்றியின் உடல் வெப்பம். இன்குபேட்டர் பெட்டிக்குள்ளே காற்றில் ஈரம் நிறைந்திருக்க வேண்டும், நூற்றுக்கு ஐந்து பங்கு கரியமிலவாயுவும் இருக்க வேண்டும். கரியமிலவாயு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். முட்டை மூச்சுவிட அல்ல, தட்டிலுள்ள திரவத்தின் புளிப்பை ஒரே நிலையில் நிறுத்தவே அது தேவைப்படுகிறது. கோலி சோடாவைத் திறந்து வைத்தால் வாயு வெளியேறி அதன் சுருக்கு போய்விடுகிறது அல்லவா? அதுபோலத் தட்டை வெளியே எடுத்து வைத்தால் சிறிது நேரத்திலேயே வாயு பறந்து, திரவம் காரத்தன்மை அடைகிறது. பல திரவங்களில் ஒரு சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். அது ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறினால், பெட்டி அதிக நேரம் திறந்திருந்தது என்று பொருள். திரவமோ சில துளிகளே. அது ஆவியானால் உப்பின் செறிவு ஏறும். அதற்காக அத்துளிகளின் மேல் சுத்தமான எண்ணெயை ஊற்றி மூடிவிடுகிறார்கள். ஊறுகாய் ஜாடியில் மேலே நல்லெண்ணெய் நிற்குமே, அதே காட்சிதான்.

இவ்வளவையும் சரியாகச் செய்தால் நாற்பது நாற்பத்து நான்கு மணி நேரத்தில் முட்டை அந்தச் சிறு உருண்டையை வெளியே தள்ளிவிடும். முதிர்ந்துவிட்டது என்று பெயர். இங்கேதான் என் அக்கா சொன்ன தொல்லை தொடங்குகிறது.

காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் வாங்கியவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். மூட்டம் போட்டு நிதானமாகப் பழுத்த பூவன் பழமும் உண்டு, கார்பைடு கல் வைத்து அவசரமாக மஞ்சளாக்கிய பழமும் உண்டு. இரண்டுக்கும் தோல் ஒரே மஞ்சள். உரித்து வாயில் போட்டால்தான் இரண்டாவது உள்ளே காயாக இருப்பது தெரியும். தட்டில் முதிர்ந்த பன்றி முட்டையும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. அதன் உட்கரு முதிர்ந்துவிட்டது. உட்கருவைச் சுற்றியுள்ள கூழ் முதிரவில்லை. விந்தணு முட்டைக்குள் நுழைந்தது, ஆனால் உள்ளே போனதும் அதன் தலை விரியாமல், இறுக்கமாக, அப்படியே கிடந்தது. தாயின் குரோமோசோம்கள் தயாராக இருக்கும். தந்தையின் குரோமோசோம்கள் கட்டப்பட்ட மூட்டைபோலப் பிரியாமலே இருக்கும். அங்கே கரு உண்டாக வழியில்லை.

இந்த மூட்டை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது மிகவும் ரசமான விஷயம். விந்தணுவின் தலைக்குள் மரபுப் பொருள் ஒரு சிறு புரதத்தால் சுற்றப்பட்டு, கந்தகத்தோடு கந்தகம் கைகோக்கும் பிணைப்புகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. நம் தலைமுடிக்கு உறுதி தருவதும் இதே கந்தகப் பிணைப்புதான். காலையில் இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னலை அவிழ்க்காமல் சீப்பை ஓட்டிப் பாருங்கள், ஓடாது. முட்டைக்குள் அந்தப் பின்னலை அவிழ்க்கும் பொருளின் பெயர் குளுட்டாதையோன். சூலகத்துக்குள்ளேயே முதிரும் முட்டையில் அது நிறைய இருக்கிறது. தட்டில் முதிர்ந்த முட்டையில் குறைவாக இருந்தது.

இதைக் கண்டுபிடித்த விதம் துப்பறியும் கதைபோல் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் யோஷிடா என்னும் ஜப்பானிய விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் பல வளர்ப்புத் திரவங்களை ஒப்பிட்டார்கள். ஒரு திரவத்தில் முதிர்ந்த முட்டைகளில் மட்டும் விந்தணுத் தலை நன்றாக விரிந்தது. அதில் என்ன இருக்கிறது, மற்றவற்றில் என்ன இல்லை என்று ஒவ்வொன்றாகத் தேடியபோது அகப்பட்டது சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். குளுட்டாதையோனைச் செய்ய முட்டைக்கு வேண்டிய மூலப்பொருள் அதுவே. சிஸ்டீனைச் சிறிதளவு சேர்த்ததும் மற்றத் திரவங்களிலும் பலன் தெரிந்தது. முட்டையிடம் குறை ஒன்றும் இருந்திருக்கவில்லை. அதன் சமையலறைக்குச் சரக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

முட்டை தனியாக இருப்பதும் இல்லை. அதைச் சுற்றி, பஞ்சுப் பொதிபோல, நூற்றுக்கணக்கான சிறு உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மெல்லிய கைகளை முட்டைக்குள் நீட்டி அவைதான் உணவும் செய்தியும் கொண்டு சேர்க்கின்றன. ஆகவே பொதி நன்றாக உள்ள முட்டைகளையே பொறுக்கி எடுக்கிறார்கள். பொதி உதிர்ந்த முட்டை அநேகமாகத் தேறாது. முட்டை இருந்த பையின் நீரையே பத்தில் ஒரு பங்கு திரவத்தில் கலப்பதும் நல்ல பயன் தருகிறது. அந்நீரில் முட்டையைக் காக்கும் பொருள்கள் பல உள்ளன. இத்தாலியில் மத்தியோலி குழுவினர் ஒருபடி மேலே போய், பையின் சுவரையே முட்டையோடு தட்டில் வைத்தார்கள். உடம்புக்கு வெளியே முதிர்ந்து, வெளியிலேயே கருவுற்ற முட்டைகளிலிருந்து பன்றிக்குட்டிகள் பிறந்ததாக அவர்கள் 1989-இல் அறிவித்தார்கள்.

ஹார்மோனிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் இருபத்திரண்டு மணி நேரம் மட்டும் ஹார்மோன் உள்ள திரவம், பிறகு அது இல்லாத திரவம் என்று மாற்றுகிறார்கள். தாயின் உடம்பிலும் ஹார்மோன் அலைபோல எழுந்து தணிகிறது. எப்போதும் ஒரே அளவில் நிற்பதில்லை. நிறையக் கொடுத்தால் நிறைய வளரும் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

கருவுறும் கட்டத்தில் பன்றிக்கு ஒரு வழக்கமான கேடு நேர்கிறது. ஒரு முட்டைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட விந்தணுக்கள் நுழைந்துவிடுகின்றன. அப்படி உண்டாகும் கரு நிலைக்காது. தாயின் கருக்குழாயில் சில விந்தணுக்களே முட்டைவரை போய்ச் சேர்கின்றன. மேலும் குழாயில் சுரக்கும் நீர் முட்டையின் மேலுறையைக் கெட்டிப்படுத்துகிறது. தட்டில் இந்த இரண்டு காவலும் இல்லை.

கரு உண்டான பிறகும் ஒரு சுவர் குறுக்கே நின்றது. இரண்டாகப் பிளந்து, நான்காகப் பிளந்து, அங்கேயே கரு நின்றுவிடும். நான்கு உயிரணுக் கட்டம் பன்றிக்கு ஒரு திருப்புமுனை. அதுவரை தாய் முட்டையில் சேர்த்துவைத்த செய்திகளைக் கொண்டு கரு வாழ்கிறது. அங்கே வந்துதான் தன் சொந்த மரபணுக்களைப் பெரிய அளவில் பேச வைக்கிறது. அந்த நேரத்தில் சூழ்நிலை சரியில்லையென்றால் கரு எழுந்திருப்பதில்லை. 1993-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் செய்த ஒரு திரவம் இந்தச் சுவரைத் தாண்ட உதவியது. 2002-இல் ஜப்பானின் யோஷியோகா குழுவினர் வேறு வழியில் சிந்தித்தார்கள். பன்றியின் கருக்குழாய் நீரில் எந்தெந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அதை ஒட்டி ஒரு திரவத்தை அமைத்தார்கள். அதில் குளுக்கோஸ் இல்லை. பதிலாகப் பைருவேட்டும் லாக்டேட்டும் இருந்தன. அதில் வளர்ந்த கருக்களிலிருந்தும் குட்டிகள் பிறந்தன. புதிதாக எதையும் புனையாமல், தாயின் உடம்பைப் பார்த்து எழுதிய அந்தத் திரவம் எனக்கு மற்றெல்லாவற்றையும்விடப் பிடித்திருக்கிறது.

பிராணவாயுவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாம் சுவாசிக்கும் காற்றில் அது ஐந்தில் ஒரு பங்கு. நமக்கு நல்லது, ஆகவே கருவுக்கும் நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கருக்குழாய்க்குள் அதன் அளவு காற்றில் உள்ளதைவிட மிகக் குறைவு. மிகுதியான பிராணவாயு கருவுக்குள் கேடு செய்யும் துகள்களை உண்டாக்குகிறது. ஐந்து சதவீதமாகக் குறைத்த பெட்டியில் கருக்கள் நன்றாக வளர்கின்றன.

நம் நாட்டிலும் இத்துறை வளர்ந்திருக்கிறது. ஆனால் இங்கே புகழ் பெற்றது எருமை. ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990-இல், தட்டில் உண்டான கருவிலிருந்து ஓர் எருமைக்கன்று பிறந்தது. அதற்குப் 'பிரதம்' என்று பெயரிட்டார்கள். அங்கேயே 2009 பிப்ரவரியில் குளோனிங் முறையில் பிறந்த 'சம்ரூபா' சில நாள்களில் இறந்துவிட்டது. அதே ஆண்டு ஜூனில் 'கரிமா' பிறந்தது. 2010-இல் பிறந்த இரண்டாம் கரிமா, 2013-இல் தானே 'மகிமா' என்ற கன்றை ஈன்றது. எருமை முட்டை ஒரு நாளில் முதிர்ந்துவிடும். பன்றி முட்டைக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் வேண்டும். பன்றியைப் பொறுத்தவரை, நம் மாநிலத்தில் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் 'கே.பி.எம். கோல்டு' என்ற இனத்தை உருவாக்கித் தந்திருக்கிறது. அசாமில் குவாஹாத்திக்கு அருகே ராணி என்னுமிடத்தில் பன்றிக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

இத்தனை பாடும் எதற்காக? ஒரு காரணம், மாற்று உறுப்புக்காகக் காத்திருக்கும் நோயாளிகள். 1997-இல் அசாமில் டாக்டர் தனிராம் பருவா ஒரு நோயாளிக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். நோயாளி ஒரு வாரத்தில் இறந்தார், டாக்டர் சிறை சென்றார். பன்றியின் மரபணுவைத் திருத்தும் வித்தை அப்போது கைவரவில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோரில், பத்து மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் இதயம் 57 வயது மனிதர் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். இப்படிப்பட்ட பன்றிகளை உருவாக்க நன்கு முதிர்ந்த முட்டைகள் ஏராளமாக வேண்டும். முட்டை உள்ளே காயாக இருந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். 2017-இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தார், முதிர்க்கும் திரவத்தில் மூன்று வளர்ச்சிப் புரதங்களைச் சேர்த்ததால், மரபணு மாற்றிய பன்றிகளைப் பெறும் திறன் நான்கு மடங்கு ஆயிற்று என்று அறிவித்தார்கள். பன்றி அதேதான், பெட்டியும் அதேதான். முட்டை குளித்த நீர் மட்டுமே மாறியது!

இன்னொரு காரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் முதன்முறையாக நம் நாட்டில், அசாமிலும் அருணாசலத்திலும் தோன்றியது. அங்கே பல ஏழைக் குடும்பங்களுக்குப் பன்றியே சேமிப்பு. நோய் ஒரு கொட்டடியில் நுழைந்தால் பன்றிகள் கூட்டமாக மடிகின்றன. ஓர் இனமே அற்றுப்போகாமல் இருக்க, விதைநெல்லைப்போலக் கருக்களை உறையவைத்துச் சேமிக்கலாம். ஆனால் முன்பு சொன்ன அந்தக் கொழுப்பு இங்கேயும் குறுக்கே வருகிறது. குளிரில் கரு செத்துவிடுகிறது. கொழுப்பு அதற்கு வழிப்பயணத்தின் கட்டுச்சோறு. 1995-இல் நாகஷிமா என்ற ஜப்பானிய விஞ்ஞானியின் குழுவினர் கருவை வேகமாகச் சுழற்றிக் கொழுப்பை ஒருபக்கம் ஒதுக்கி, மெல்லிய ஊசியால் அதை உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு கருவை உறையவைத்து, மீண்டும் வெதுவெதுப்பாக்கித் தாய்ப்பன்றியின் கருப்பையில் வைத்தார்கள். கட்டுச்சோற்றை இழந்த அக்கருக்களில் சில பிழைத்துக்கொண்டன. பன்றியின் சினைக்காலமான 114 நாள், அதாவது மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள் கழிந்ததும் அவை குட்டிகளாகப் பிறந்தன.